ஆபீஸில் மாற்றம் வருகிறதா? வதந்தி முந்துவதற்குள் சொல்லிவிடுங்கள்!

கம்பெனியில் ஏதோ நடக்கப்போகிறது என்பது மேனேஜர் வாய் திறப்பதற்கு முன்பே கேன்டீனுக்குத் தெரிந்துவிடும். மூடிய கதவுக்குள் நான்கு மீட்டிங் நடந்தால் போதும்... சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் பாதி டிபார்ட்மென்ட்டை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்! 'எல்லாம் முடிவானதும் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம்' என்று மேலிடம் காத்திருக்கும் நாள்களில்தான் இதெல்லாம் நடக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலையால் நமக்கு நன்கு பழக்கமான நோக்கியா, இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 2008 ஜனவரியில், ஜெர்மனியின் போகும் நகரத் தொழிற்சாலையை மூடிவிட்டு உற்பத்தியை ருமேனியாவுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது. 2,300 பேரின் பிழைப்பு. ஒரே வாரத்தில் சுமார் 15,000 பேர் தெருவில் இறங்கினார்கள். அமைச்சர் ஒருவர்கூட 'இனி எனக்கு நோக்கியா போன் வேண்டாம்' என்றார். ஆலையை மூட ஆன செலவு 20 கோடி யூரோ. கெட்ட பெயர் தனி.

அடுத்து 2011. இந்த முறை 13 நாடுகளில் 18,000 பேர். நோக்கியா சூடு கண்ட பூனையாகியிருந்தது. 'பிரிட்ஜ்' என்றொரு திட்டம் போட்டு, கம்பெனிக்குள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், புதுப் படிப்பு என்று முன்னால் இருக்கும் வழிகளை ஊழியர்களிடம் எடுத்துச் சொன்னது. வேலை முடிந்த அன்று, 60 சதவிகிதம் பேருக்கு அடுத்து என்ன என்பது தெரிந்திருந்தது. திட்டத்துக்கான செலவு சுமார் 5 கோடி யூரோ.

இவ்வளவு பெரிய கம்பெனிக்குத்தான் இது என்றில்லை. பத்துப் பேர் இருக்கும் டீமில் ஷிஃப்ட் நேரம் மாறினாலும் சங்கதி ஒன்றுதான். எது முடிவாகிவிட்டது, எது முடிவாகவில்லை, அடுத்து எந்தத் தேதியில் பேசுவோம்... இந்த மூன்றையும் சொன்னாலே பாதிப் பதற்றம் அடங்கும். அந்தத் தேதியில் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும், 'இன்னும் முடிவாகவில்லை' என்று சொல்லவாவது வர வேண்டும். 'யாருக்கும் வேலை போகாது' என்பதை மட்டும், உறுதியாகத் தெரியாமல் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி ஒருவர் வீட்டுக்கடன் வாங்கலாம்; பிள்ளையைப் பெரிய ஸ்கூலில் சேர்க்கலாம்.

எல்லோருக்கும் ஒரே மெயில் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. டிரைவரும் மெஷின் ஆபரேட்டரும் மெயில் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் நின்று ஐந்து நிமிடம் பேசினால்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். அதற்கு, சூப்பர்வைசருக்கு முதல் நாளே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் 'எனக்கும் தெரியாதுப்பா' என்று அவர் கையை விரித்தால், கூட்டம் மறுபடியும் கேன்டீனுக்குத்தான் போகும்.

பிரசவ விடுப்பில் இருப்பவர்களையும் மெடிக்கல் லீவில் இருப்பவர்களையும்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். லீவு முடிந்து வரும் நாளில், தன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிய வேண்டுமா என்ன?