மணலில் ஃபேட் பைக்: முன்னாடி பல்லைக் குறைங்க

மணமேல்குடி கடற்கரை மணல்ல ஃபேட் பைக் நகரலைன்னா டயரைத் திட்டாதீங்க. முன்னாடி 36 பல், பின்னாடி 18 இருந்தா, ஒரு மிதிக்கு வீல் ரெண்டு சுத்து: 26 இன்ச் வீல், 4 இன்ச் டயர்ல சுமார் 4.7 மீட்டர். செயின்வீலை 28 பல் ஆக்கினா சுமார் 3.6 மீட்டர்தான். மிதி லேசாகும், ரோட்டுல வேகம் குறையும். எனக்கு அது பரவாயில்லை.

கிராங்க்தான் சிக்கல். சாதா எம்டிபி-யில் பிபி ஷெல் அகலம் பெரும்பாலும் 68 அல்லது 73 மி.மீ.; ஃபேட் பைக்கில் 100 வரும். சாதா கிராங்க் அச்சு அதுக்கு எட்டாது. கிராங்க் வாங்கும் முன்னாடி ஷெல்லை ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க.

(1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில், லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டின பெண்களின் மாவட்டம் இது. கிடைச்ச வண்டியோட மல்லுக்கட்டுறது புதுசில்லை.)

8 பல் குறைஞ்சா செயின் தொங்கும். 4 கண்ணி கழட்டணும்.