ஏட்டில் இருப்போரும் தறியில் இருப்போரும்

சங்கத் தணிக்கைக்குச் செல்லுங்கால் அங்கத்தினர் பதிவேட்டையும் தறிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமது வழக்கம். பெயர் ஏட்டில் இருக்கும். தறியில் பாவு இராது. "திருப்பூருக்குப் போயிருக்கிறார், பொங்கலுக்கு வருவார்" என்பர் வீட்டார். இவரைக் குடிபெயர்ந்தவர் என்பதா, உள்ளூரார் என்பதா?

சர்க்கார் கணக்குகளும் இவ்விடத்திலேயே இடறுகின்றன. முன்பு வசித்த ஊரை விட்டு வந்தோர் 45 கோடிக்கு மேற்பட்டோர் என 2011 ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு கூறிற்று. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் திருமணத்தின் பொருட்டு வந்தோர். வேலையின் பொருட்டு வந்தோர் சுமார் பத்திலொரு பங்கினரே. ஆனால், நெசவாளர் வீட்டுக்கு மணமாகி வந்த மருமகள் மறுவாரமே நூல் சுற்ற அமர்ந்துவிடுகிறாள். கணக்கெடுப்போர் குறிப்பதோ ஒரே காரணம். அவளது உழைப்பு அதில் ஏறுவதில்லை.

நான்கு மாதம் கரும்பு வெட்டச் சென்று மீள்வோர் நிலை வேறு. தேசிய மாதிரி ஆய்வு 2007-08 இல், ஒரு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டும் வேலைக்காக வெளியூரில் தங்கியோரைத் தனியே எண்ணிற்று. எனினும், குடும்பமே கதவைப் பூட்டிச் சென்றிருப்பின் எவரை வினவுவது? 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையோ, இரயில்வேயின் முன்பதிவில்லாப் பயணச் சீட்டுகளைக் கொண்டு, மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் ஆண்டுக்குச் சுமார் 90 இலட்சம் எனக் கணித்தது. லாரியில் ஏறிச் சென்றவர் அதில் இல்லை!

பெயரை நீக்கினால் திரும்பி வருபவர் உரிமை இழப்பார். வைத்திருந்தால் ஓடாத தறிக்கு நூல் கேட்கிறோம். ஆகவே காரியதரிசிகள், புறப்பட்ட மாதம், சென்ற ஊர், திரும்பிய மாதம் ஆகிய மூன்றையும் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலாலேனும் குறித்து வருக. அடுத்த தணிக்கையில் முதற்கண் அவற்றையே கேட்போம்.