தரையைப் பார்த்துக் குலை வெட்டுபவர்

ஒரு விண்ணப்பப் பாரத்தில் அப்பாவின் தொழிலைக் குறிக்க வேண்டியிருந்தது. 'திறன் தேவைப்படாத வேலை' என்ற கட்டத்தில் கோடிட்டேன். அது தவறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில் உருவானது. சுங்கை செம்பிலாங் பக்கம் அப்பா பல ஆண்டுகள் குலை வெட்டினார். விடுமுறையில் உதிரி பொறுக்க நானும் போவேன்.

"அப்பா, மேலே கறுப்பா இருக்கு, காய்தானே?" என்பேன்.

"மேலே பார்த்தா ஏமாந்துடுவே. முதல்ல தரையைப் பாரு" என்பார்.

பழுக்கும்போது கறுப்புக் குலை செம்மஞ்சளாக மாறும். ஆனால் மட்டையின் நிழலும் எதிர்வெயிலும் நிறத்தை மறைத்துவிடும். எனவே அவர் உதிரியைத் தேடுவார். அது இன்று விழுந்ததா, சென்ற வெட்டில் விடுபட்டதா, எலி கடித்துத் தள்ளியதா என்பதையும் பார்ப்பார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

1973-இல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் சதுரங்க வல்லுநர்களைச் சோதித்தனர். உண்மையான ஆட்டத்தின் காய் நிலைகளைச் சில நொடிகள் பார்த்தே அவர்கள் பெரும்பாலும் நினைவில் வைத்தனர். காய்களைத் தாறுமாறாக அடுக்கியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. ஆக, தேர்ந்த கண் என்பது கூரிய பார்வை மட்டுமன்று. பழகிய சூழலை அடையாளம் காணும் ஆற்றல்.

அவ்வாற்றல் எப்போது நம்பத்தக்கது? கானமன், கிளைன் இருவரும் 2009-இல் இரண்டு நிபந்தனைகளைக் கூறினர். சூழலில் ஒழுங்கான அறிகுறிகள் இருக்க வேண்டும். முடிவு சரியா என்பதை அறிந்து கற்க வாய்ப்பும் வேண்டும். குலை வெட்டுபவருக்கு இரண்டும் உண்டு. வெட்டிய குலை காலடியிலேயே விழுகிறது. பழம் உதிர்ந்த குழிகள் பத்தாவது இருந்தால்தான் ஆலையின் தரக்கணிப்பில் அது பழுத்த குலை.

எனினும் அதே கண்ணைச் சூழல் ஏமாற்றவும் செய்யும். எடைக்கேற்ற கூலி, இருட்டிவரும் மழை, குறைந்த வெட்டு எல்லாம் சேர்ந்தால் காயும் பழமாகத் தோன்றும். காயை வெட்டினால் எண்ணெய் குறையும், கூலியும் பிடிபடும்.

"சாயங்காலம் எனக்கு எல்லாக் குலையும் பழமாத்தான் தெரியும்பா. அதனால சந்தேகம்னா அடுத்த வெட்டுக்கு விட்டுடுவேன்" என்றார் அப்பா.

தம் பார்வை எப்போது தவறும் என்பதை அறிந்திருப்பதும் திறனே. அந்தப் பாரத்தை மறுபடி நிரப்ப வழியில்லை. இங்கே திருத்திக்கொள்கிறேன்.