பால் பல் என்று நினைத்து...

சென்ற மாதம், குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். சுண்டல் தின்ற என், 8 வயது மகன், கன்னத்தைப் பிடித்தபடி அழுதான். பார்த்தால், கடைவாய்ப் பல்லில் கறுப்பாகக் குழி!

"பால் பல்லு தானே... விழுந்து முளைச்சிடும்" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செங்கல்பட்டு திரும்பியதும், பல் டாக்டரிடம் காட்டினோம். "இது பால் பல் இல்லேம்மா... 6 வயசுல, எந்தப் பல்லும் விழாமலே, 20 பால் பல்லுக்கும் பின்னால முளைக்கிற நிலையான பல். போனா, மறுபடி முளைக்காது" என்றார். எனக்குப் பகீரென்றது. நல்லவேளை... குழி, வேர் வரை போகவில்லை. சுத்தம் செய்து அடைத்து விட்டார்.

தாய்மார்களே... பிள்ளைக்கு 6 வயதானதும், மேலும் கீழும், இரண்டு பக்கமும் கடைசிப் பல்லைப் பாருங்கள். அதையும் சேர்த்து, இரவிலும் தேய்த்து விடுங்கள்!

— ஒரு வாசகி, செங்கல்பட்டு.