பாடசாலை ஓட்டங்கள் சர்வதேச அரங்கில் செல்லுபடியாகுமா?

2016 ஜனவரி 5ஆம் திகதி மும்பைக்கு அருகிலுள்ள கல்யாண் நகரில் நடந்த பாடசாலைப் போட்டியொன்றில், பிரணவ் தனவடே என்ற 15 வயது மாணவர் ஆட்டமிழக்காமல் 1009 ஓட்டங்கள் குவித்தார். 1899இல் இங்கிலாந்தில் ஏ.ஈ.ஜே. கொலின்ஸ் எடுத்திருந்த 628 ஓட்டங்கள்தான் அதுவரை உலக சாதனை. நூறாண்டைக் கடந்து நின்ற அந்தச் சாதனை ஒரே ஆட்டத்தில் தகர்ந்தது. அடுத்த டெண்டுல்கர் இவர்தான் என்று தொலைக்காட்சிகள் கொண்டாடின. தனவடே இந்திய அணிக்கு வரவில்லை.

ஆட்டத்தின் முழு ஓட்டப் பட்டியலையும் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திராது. தனவடேயின் அணி 3 விக்கெட் இழப்புக்கு 1465 ஓட்டங்கள். எதிரணி முதல் இன்னிங்ஸில் 31, இரண்டாவதில் 52. பந்து வீசியவர்கள் எத்தகையவர்கள் என்பதை 1009 என்ற எண் சொல்லவில்லை. 31, 52 என்ற எண்கள் சொல்லிவிட்டன.

இளம் வயதில் எடுத்த புள்ளிகளை வைத்து ஒருவரின் பிற்கால ஆட்டத்தைக் கணிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு அதிகம் பணம் செலவழித்து விடை தேடியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய உதைபந்தாட்டத்தில் குவார்ட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. பந்து அவர் கைக்கு வந்து இரண்டு மூன்று செக்கனுக்குள், பாய்ந்து வரும் எதிரணியினரைச் சமாளித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் சகவீரருக்கு அதை எறிந்துவிட வேண்டும். எறிந்தவற்றில் நூற்றுக்கு எத்தனை பிடிபட்டன என்பதே அவரது துல்லிய வீதம். பல்கலைக்கழக அணிகளில் ஆடுவோரைத் தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் வரிசைப்படி தெரிவு செய்கின்றன. முதலிடத்தில் எடுக்கப்படுபவருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம்.

2006இல் டேவிட் லெவின் என்பவர் ஒரு சூத்திரம் முன்வைத்தார். முதல் இரண்டு சுற்றுகளில் தெரிவாகும் குவார்ட்டர்பேக்குகளுக்கு இரண்டே விடயங்களைப் பார்த்தால் போதும் என்றார் அவர்: பல்கலைக்கழகத் துல்லிய வீதம், தொடக்கம் முதல் களமிறங்கிய ஆட்டங்களின் எண்ணிக்கை. சூத்திரம் சில காலம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விதிவிலக்குகள் சிறியவையாக இருக்கவில்லை.

ஜமார்கஸ் ரசல் 2006இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக எறிந்த பந்துகளில் 67.8 வீதம் பிடிபட்டன. 2007இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தெரிவானார். மூன்றே பருவங்களில் அவரது தொழில்முறை வாழ்க்கை முடிந்தது. மறுபக்கம் ஜோஷ் அலன். வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவரது வீதம் 56.2 மட்டுமே. 2018இல் பஃபலோ கழகம் அவரை எடுத்தபோது கணக்குப் பார்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். முதல் பருவத்தில் 52.8 வீதம். அவர்கள் சொன்னதே சரி போலத் தெரிந்தது. 2020இல் அது 69.2 வீதமாக உயர்ந்தது. 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. இடையில் கால்வைப்பைத் திருத்திக்கொண்டார். பந்து பிடிக்க ஸ்டெஃபன் டிக்ஸ் என்ற கெட்டிக்காரர் அணிக்கு வந்து சேர்ந்தார்.

எண் ஏன் ஏமாற்றுகிறது? முதற்காரணம், அது ஒருவருடைய எண்ணே அல்ல. பக்கத்தில் நிற்பவருக்கு மெதுவாகத் தட்டிவிட்ட பந்தும், நாற்பது யார் தூரம் எறிந்த பந்தும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். பிடிப்பவர் நழுவவிட்டாலும் பழி எறிந்தவர் தலையில்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. ஒருவரது உண்மையான திறன் 60 வீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் 200 பந்துகள் எறிந்தால், வெறும் தற்செயலாலேயே அந்த வீதம் 53க்கும் 67க்கும் இடையில் எங்கும் வந்து நிற்கலாம். 800 பந்துகள் எறிந்தால்தான் அந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகும். லெவினின் சூத்திரத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கும் இடம் இருந்ததன் பெறுமதி இங்கேதான் தெரிகிறது.

துடுப்பாட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் ஒரு நாள் 90 எடுப்பார், மறுநாள் பூச்சியத்துக்குப் போவார். ஒரு பருவத்தில் 15 இன்னிங்ஸ் ஆடும் மாணவரின் உண்மையான சராசரி 40 என்றால், பட்டியலில் அது 20 என்றும் பதிவாகலாம், 60 என்றும் பதிவாகலாம். சராசரி 42 உள்ளவரை விட்டுவிட்டு 48 உள்ளவரை எடுக்கும் தெரிவாளர், உண்மையில் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே முடிவெடுக்கிறார்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. தொழில்முறை அணிகளுக்கு வருவோர் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள். துல்லியமே இல்லாதவர்கள் அந்த வாசலுக்கே வருவதில்லை. வந்தவர்களுக்குள் வேறுபாடு சிறிது. அவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், துல்லியத்துக்கும் வெற்றிக்கும் தொடர்பே இல்லை என்பதுபோலத் தோன்றும். துல்லியம் தேவையில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எல்லோரிடமும் இருக்கும் ஒன்று யாரையும் பிரித்துக் காட்டாது, அவ்வளவுதான்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1988 பெப்ரவரியில் மும்பை ஆசாத் மைதானத்தில் ஹரிஸ் கேடயப் போட்டி. சாரதாஷ்ரம் பாடசாலைக்காக வினோத் காம்ப்ளியும் சச்சின் டெண்டுல்கரும் பிரியாமல் 664 ஓட்டங்கள் சேர்த்தார்கள். காம்ப்ளி 349, டெண்டுல்கர் 326. பயிற்றுநர் ஒருவரே, ரமாகாந்த் அச்ரேகர். ஆடுகளமும் எதிரணியும் ஒன்றே. எண்ணை மட்டும் பார்த்தால் காம்ப்ளியே ஒரு படி மேல். டெண்டுல்கர் 200 டெஸ்ட் ஆடினார். காம்ப்ளி 17 டெஸ்டில் 54.20 என்ற சராசரியுடன் நின்றுபோனார். அன்று கால்காப்பு கட்டியபடி அடுத்ததாக ஆடக் காத்திருந்த அமோல் முசும்தார், பிற்பாடு முதல்தர ஆட்டங்களில் 11,000 ஓட்டங்களைக் கடந்தும் இந்திய அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இலங்கையில் இந்தக் கேள்வி நாடு தழுவியது. ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரைத் தெரிவு செய்யும் ‘ஒப்சேவர்’ விருதை வென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1980இலும் 1982இலும் அர்ஜுன ரணதுங்க. 1983இலும் 1984இலும் ரொஷான் மஹாநாம. 1991இல் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன். பாடசாலையின் கடைசி இரு பருவங்களில் நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தியிருந்த அவர், 2010இல் காலியில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வுபெற்றார். இதைவிடச் சரியான கணிப்பு வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் முரளிதரன் தொடக்கத்தில் மித வேகப் பந்துவீச்சாளர். 14 வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழலுக்கு மாறச் சொன்னார். அந்த மாற்றம் நடந்த நாளில் சுழலில் எடுத்த விக்கெட் பட்டியல் எதுவும் கையில் இல்லை. விக்கெட்டுகள் பின்னால் வந்தவை.

விருதுப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். காலிக்கு அருகேயுள்ள ரத்கமவில் மென்பந்துடன் வளர்ந்த லசித் மாலிங்கவைச் சம்பக்க ராமநாயக்க கண்டெடுத்தார். அந்த விசித்திரமான கைவீச்சைத் திருத்த அவர் முனையவில்லை. தமிழ்நாட்டின் சின்னப்பம்பட்டியில் ரெனிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன், 2020-21 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். எந்தக் கணினியும் இவர்களைத் தெரிவு செய்திருக்காது, அவர்களைப் பற்றிய எண்களே அதனிடம் இல்லை.

இவை தனிக் கதைகள் என்று ஒதுக்க முடியாது. ஜேர்மனிய ஆய்வாளர் ஆர்னே குல்லிக்கும் அவரது குழுவினரும் ஒலிம்பிக் விளையாட்டுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட முடிவு இது: 17, 18 வயதுப் பிரிவில் சர்வதேச மட்டத்தில் நின்றவர்களில் சுமார் 89 வீதத்தினர் வளர்ந்தோர் பிரிவில் அந்த மட்டத்தை எட்டவில்லை. வளர்ந்தோராகச் சர்வதேச மட்டத்தில் நிற்பவர்களில் 82 வீதத்தினர் அந்த இளவயதில் அங்கு இருந்ததே இல்லை. இளவயதில் உடல் முந்தி வளர்ந்தவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. அது இருபது வயதில் கரைந்துவிடுகிறது. பந்தை உயரமாக எழும்பச் செய்யும் பதினாறு வயதுப் பையன் கெட்டிக்காரனா, அல்லது மற்றவர்களைவிட அரை அடி உயரம் கூடியவனா என்பது விக்கெட் எண்ணிக்கையில் தெரியாது.

வடக்கில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமரில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் புனித ஜோன்ஸ் கல்லூரியும் மார்ச் மாதத்தில் மோதும்போது நகரமே மத்திய கல்லூரி மைதானத்துக்குத் திரண்டு வரும். அங்கே எடுக்கும் ஐம்பது ஓட்டங்கள் ஊருக்குப் பெரிது. கொழும்புத் தெரிவாளருக்கு அதை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி. மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக 18 வயதில் களமிறங்கினார். முதல் விக்கெட் ஆஞ்சலோ மத்தியூஸ். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். அறிமுக ஆட்டத்தில் நான்கு ஓவரில் 27 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்தார். விக்கெட் இல்லை. அந்தப் பட்டியலை விக்கெட் நிரலில் பார்ப்பவர் பூச்சியம் என்பார். ஓட்ட நிரலில் பார்ப்பவர், பெரும் அதிரடி வீரர்கள் முன்னால் ஒரு லெக் சுழற்பந்து இளைஞர் தாக்குப் பிடித்ததைக் காண்பார்.

வியாஸ்காந்துக்காவது நகரப் பாடசாலையும் பெரும் சமரும் இருந்தன. புங்குடுதீவு இறுப்பிட்டியிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒரு பையன் அதே லெக் சுழலைப் போட்டால், அதைப் பதிய ஆளில்லை. மென்பந்தில் ஆடியது எந்தக் கொப்பியிலும் ஏறாது. கடின பந்துக்கு வந்தாலும் பருவத்துக்கு ஒரு சில ஆட்டங்கள்தான். மேலே சொன்ன கணக்கின்படி பதினைந்து இன்னிங்ஸே போதாது என்றால், மூன்று நான்கு ஆட்டங்களை வைத்து ஒருவரைத் தள்ளிவிடுவது அநியாயம்.

பல்கலைக்கழகத் துல்லியம் குவார்ட்டர்பேக்கின் எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற கேள்விக்கு அமெரிக்கர் கண்ட விடை, ‘ஓரளவு’ என்பதே. எத்தனை தடவை எறிந்தார், யாருக்கு எதிராக, எவ்வளவு தூரம் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஓரளவு கொஞ்சம் கூடும். பாடசாலைக் கிரிக்கெட்டுக்கும் இதே விடைதான்.

தீவகத்துப் பாடசாலைகளுக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருந்து மட்டையும் கிண்ணமும் வாங்கி அனுப்பும் பழைய மாணவர்கள், இனி ஆண்டுக்குப் பத்து மேலதிக கடின பந்து ஆட்டங்களுக்கான போக்குவரத்துச் செலவையும், பந்துக்குப் பந்து பதியும் ஒருவருக்கான கொடுப்பனவையும் சேர்த்து அனுப்பட்டும். கொப்பியில் எதிரணியின் பெயர், ஆடுகளம் விரிப்பா புற்தரையா என்ற விபரம், ஒவ்வொரு மாணவரின் பிறந்த திகதி ஆகியவற்றுக்கும் நிரல் இருக்கட்டும். பதினாறு வயதில் அணிக்குத் தெரிவாகாத பையனைப் பதினெட்டு வயதில் இன்னொரு தடவை அழைத்துப் பார்க்கவும் பயிற்றுநர்கள் மறக்கக்கூடாது.