முதுகுவலியும் நாம் அமரும் நாற்காலியும்



சுரங்க இயந்திரம் இயக்குபவர், அலுவலகக் கணக்கர், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் என நெய்வேலியில் நம்மில் பலருக்கு உட்கார்ந்தபடியேதான் பிழைப்பு. மேசையில் வேலை செய்வோர், முதுகு வலித்ததும் விலை உயர்ந்த நாற்காலியைத் தேடுகிறோம். விலையைவிட அளவே முக்கியம்.

கடையில் 10 நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி அமர்ந்தால், இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே 2, 3 விரல்கள் நுழைய வேண்டும். இல்லையேல் விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். கீழ்முதுகு இயல்பிலேயே உள்வளைந்தது. சாய்மானம் அந்த வளைவைத் தாங்க வேண்டும். தோள் உயராமல் முழங்கை கைப்பிடியில் படியட்டும். சக்கரம் வைத்ததென்றால் 5 கால் உள்ளது எளிதில் கவிழாது. நம் ஊர் வெயிலுக்கு ரெக்சினைவிட வலைத்துணி முதுகு நல்லது.

வாங்க வசதியில்லையா? கடன் வேண்டாம். இருக்கும் நாற்காலியிலேயே துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வையுங்கள். கால் எட்டாவிட்டால் ஒரு மணை போடுங்கள்.

எந்த நாற்காலியும் நாள் முழுதும் உட்காருவதற்கல்ல. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடப்போம்.

எழுந்து நடந்த பிறகும் கால் மரத்தோ பலமிழந்தோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே நாற்காலி மருந்தாகாது. தாமதம் காலையே முடக்கிவிடலாம்.