அம்மம்மாவின் முகம் வேண்டாம், பாதம் வேணும்

இந்தக் கிழமை எபிசோடில வயசானவைக்கான ஒன்லைன் உடற்பயிற்சி வகுப்புகளைப் பற்றிக் கதைச்சோம். நேரம் இல்லாமல் விட்டது ஒன்று: அவைக்கு வியர்க்கிறதைவிட விழாமல் இருக்கிறது முக்கியம்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் இதற்கென்றே ஒரு திட்டம் உருவாக்கினார்கள். கிழமைக்கு 3 தரம், 30 நிமிடம், வீட்டிலேயே: காலைப் பலப்படுத்துவது, சமநிலை பழகுவது. கூடவே நடை. பிசியோதெரபிஸ்ட் சில தரம் வீட்டுக்கு வருவார், இடையில் போனில் விசாரிப்பார். ஆய்வுகளில் விழுவது ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்தது. ஸூம் இல்லாத காலம் பாருங்கோ, வெறும் டெலிபோன்!

ஸ்காபரோவில பனி உறைஞ்சால் என்ர அம்மம்மாவுக்கு நடை இல்லை, வீடியோ வகுப்புத்தான். ஆனால் ஐபாட்டில தெரிஞ்சது அவவின்ர முகம் மட்டும். ஆசிரியை பார்க்க வேண்டியது பாதத்தை! எட்டடி தள்ளி, இடுப்பு உயரத்தில் வைத்தேன். கதிரையைச் சுவரோடு சேர்த்தேன். மைக்கை ம்யூட் பண்ணுவதில்லை. "ஏலாது பிள்ளை" என்றால் ஆசிரியைக்குக் கேட்கவேணும். நானும் பக்கத்தில நிற்பேன்.

முன்னேற்றம் பார்க்க ஆப் எதுவும் தேவையில்லை. கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து, 30 வினாடியில் கதிரையிலிருந்து எத்தனை தரம் எழும்புகிறார் என்று எண்ணுங்கோ. 75 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10க்குக் குறைந்தால், விழும் ஆபத்துக் கூட என்று கணக்கு.

அம்மம்மாவுக்கு 78. மார்கழியில் 7, நேற்று 9.